கடலில்லா நாட்டின் கடற்கரை: வாசகர் கேள்வி – பதில்

செக் நாட்டினர் தங்கள் இசையையும் ஓவியத்தையும் பொம்மலாட்டத்தையும் பிற நாடுகளின் அரங்குகளுக்கும் தெருக்களுக்கும் எவ்வாறு கொண்டுசெல்கிறார்கள் என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: இந்த நிகழ்ச்சிகளை நடத்துவது யார்? அரசா, தூதரகமா, அல்லது வெளிநாடுகளில் குடியேறிய செக் மக்களின் சங்கங்களா?

பதில்: மூவரும் நடத்துகிறார்கள், ஆனால் மூவரின் நோக்கமும் ஒன்றல்ல. அரசின் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டியவை 'செக் மையங்கள்'. தலைநகர் பிராகில் தலைமையகம் வைத்து, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்த அமைப்புக்குப் பெர்லின், வியன்னா, லண்டன், பாரிஸ், நியூயார்க், டோக்கியோ, சியோல் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் கிளைகள் உள்ளன. மையம் இல்லாத நகரங்களில் அந்த வேலை தூதரகத்தின் தலையில் விழுகிறது. மொழிபெயர்ப்புகளுக்கான உதவித்தொகை பண்பாட்டு அமைச்சகத்திடமிருந்து வருகிறது. இலக்கியத்துக்கென்று 2017 முதல் தனியாக ஒரு செக் இலக்கிய மையமும், பெர்னோ நகரின் மொராவிய நூலகத்தின் ஒரு பிரிவாக, இயங்கிவருகிறது.

குடியேறியோர் சங்கங்கள் இவை எல்லாவற்றையும்விட மூத்தவை. நியூயார்க்கின் கிழக்கு 73ஆம் தெருவில் உள்ள பொஹீமிய தேசிய மாளிகையைச் செக், ஸ்லோவாக் தொழிலாளர்களின் சங்கங்கள் 1890களில் கட்டின. செக்கோஸ்லோவாகியா என்றொரு நாடு அப்போது உருவாகியிருக்கவே இல்லை. நூறாண்டு கழித்துச் சிதிலமடைந்து நின்ற அந்தக் கட்டடத்தை 2001இல் செக் அரசு ஒரு டாலருக்கு வாங்கியது. விலையைக் கேட்டு வியக்க வேண்டாம்; முழுவதையும் புதுப்பிக்கும் சுமையும் அந்த ஒரு டாலரோடு சேர்ந்தே வந்தது. 2008இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த மாளிகையில் இன்று துணைத் தூதரகமும் செக் மையமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நாடகமும் திரைப்படமும் கச்சேரியும் நடப்பது அங்கேதான். நாடகாசிரியரும் முன்னாள் குடியரசுத் தலைவருமான வாட்ஸ்லாவ் ஹவேலின் நினைவாக 2017 முதல் அங்கு நாடக விழா ஒன்றும் நடந்துவருகிறது.

கேள்வி: அரசு பணம் கொடுத்து வெளிநாட்டில் நடத்தும் கலை வெறும் விளம்பரம்தானே? அதில் உண்மையான கலை எப்படி இருக்க முடியும்?

பதில்: பெரும்பாலும் இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செக் அனுபவத்தில் சில அரிய விதிவிலக்குகள் உண்டு. அவற்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

1958இல் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி நடந்தது. செக்கோஸ்லோவாகியாவின் கம்யூனிஸ்ட் அரசு தன் தொழில்வளத்தையும் சோஷலிச வாழ்வின் மேன்மையையும் உலகுக்குக் காட்ட விரும்பி, அதற்காகக் கலைஞர்களுக்கு உள்நாட்டில் கிடைக்காத சுதந்திரத்தை வெளிநாட்டில் கொஞ்சம் கொடுத்தது. இயக்குநர் ஆல்ஃபிரட் ராடொக்கும் அரங்க வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வோபொடாவும் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு 'லட்டெர்னா மாகிகா' என்ற நிகழ்ச்சியை உருவாக்கினார்கள். மேடையில் நடனமாடுபவர் திடீரெனத் திரைக்குள் தோன்றுவார்; திரையில் இருப்பவர் மேடையில் நிற்பவரோடு பேசுவார். தொகுப்பாளினியே மேடையில் ஒருத்தியாகவும் திரைகளில் தன் பிம்பங்களாகவும் நின்று, வெவ்வேறு மொழிகளில் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வாள். உலகக் கண்காட்சியின் உயரிய பரிசை அந்த நாட்டின் அரங்கம் பெற்றது. இதே ராடொக், அடுத்த நிகழ்ச்சித் தொகுப்பில் அதிகாரிகளுக்குப் பிடிக்காத ஒரு பகுதியைச் சேர்த்தார் என்பதற்காக லட்டெர்னா மாகிகாவிலிருந்து நீக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டில் காட்டிய முகத்தை உள்நாட்டில் வைத்திருக்க அரசு விரும்பவில்லை.

1967இல் மாண்ட்ரியால் உலகக் கண்காட்சியில் நடந்தது இதைவிடச் சுவையானது. ராடூஸ் சிஞ்செரா என்பவர் 'கினோஆட்டோமாட்' என்ற படத்தை அங்கே காட்டினார். பார்வையாளர்கள் ஒவ்வொருவரின் இருக்கையிலும் சிவப்பு, பச்சை என இரண்டு பொத்தான்கள். கதை ஒரு முடிச்சுக்கு வந்ததும் படம் நிற்கும். தொகுப்பாளர் மேடைக்கு வந்து, நாயகன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். பெரும்பான்மை எதற்கோ அதன்படி கதை நகரும். பார்வையாளர்களே கதையைத் தீர்மானித்த முதல் திரைப்படம் என்று இதைச் சொல்வார்கள். இதில் ஒரு சூது இருந்தது: எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கதை சற்றுத் தூரம் சுற்றிவிட்டு ஒரே இடத்துக்கே வந்துசேரும்படி எழுதப்பட்டிருந்தது. வாக்குச்சீட்டில் உண்மையான தேர்வு எதுவும் இல்லாத ஒரு நாட்டின் அரங்கில், வாக்கெடுப்பைப் பற்றிய இந்த நையாண்டி அரசுப் பணத்தில் ஓடியது. நாடு திரும்பிய படம் சில ஆண்டுகளில் தடை செய்யப்பட்டது.

மக்களாட்சி வந்தபின் இந்தக் குறும்பு இன்னும் வெளிப்படையானது. 2009இன் முதல் பாதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை செக் நாட்டிடம் இருந்தது. அதையொட்டி, 27 உறுப்பு நாடுகளின் 27 கலைஞர்கள் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்ட 'என்ட்ரோபா' என்ற பெரிய சிற்பம் பிரஸ்ஸல்ஸில் ஒன்றியக் கட்டடத்தின் கூடத்தில் தொங்கவிடப்பட்டது. சில நாட்களிலேயே உண்மை வெளிவந்தது: அந்த 27 பேரும் கற்பனை, முழுவதையும் செக் சிற்பி டேவிட் செர்னியும் அவருடைய கூட்டாளிகளும் செய்திருந்தார்கள். பல்கேரியா தரையில் பதித்த கழிவறையாகவும், ருமேனியா டிராகுலாவின் கேளிக்கைப் பூங்காவாகவும் காட்டப்பட்டிருந்தன. பிரிட்டனின் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. பல்கேரியா கண்டனம் தெரிவித்தது. அதன் பகுதி கறுப்புத் துணியால் மூடப்பட்டது. செக் அரசு மன்னிப்புக் கேட்டது. கலைஞர் தன்னை நியமித்த அரசையே ஏமாற்றியது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதே என் பதில். ஆயினும் அந்த ஆறு மாதத்தில் செக் அரசு ஏற்பாடு செய்த கௌரவமான நிகழ்ச்சிகளில் ஒன்றையாவது இன்று யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா? அதே செர்னி 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது சிவப்பு இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்றுக்குக் கைகளைப் பொருத்தித் தண்டால் எடுக்க வைத்தார். முனகிக்கொண்டே ஏறி இறங்கிய அந்தப் பேருந்தின் முன்னால் நின்றவர்களுக்கு அது எந்த நாட்டின் படைப்பு என்பதை ஒலிம்பிக்கையொட்டி செக் நாட்டினர் அருகில் அமைத்திருந்த செக் இல்லத்தின் பலகை சொன்னது. அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கேள்வி: செக் மொழி பேசுவோர் ஒரு கோடிப் பேர்தான். அந்த மொழியின் இலக்கியமும் நாடகமும் பிற நாட்டு மேடைகளில் எப்படி எடுபடும்?

பதில்: இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மொழியைத் தாண்டிச் செல்வது. மற்றொன்று கேட்பவரின் மொழிக்குள்ளேயே நுழைந்துவிடுவது.

முதல் வழிக்கு எளிய சான்று 'கிர்டெக்' என்ற குட்டி அகழெலி. ஸ்டெனெக் மிலெர் 1956இல் செய்த முதல் படத்தில் மட்டும் கதை சொல்லும் குரல் இருந்தது; பின்னர் வந்தவற்றில் சிரிப்பும் வியப்பொலியும் தவிரப் பேச்சே இல்லை. ஆகையால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. 2011இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஆண்ட்ரூ ஃபியூஸ்டெல் எண்டெவர் ஓடத்தில் சென்றபோது இந்த அகழெலிப் பொம்மையையும் உடன் எடுத்துச் சென்றார்.

இரண்டாவது வழியில் செக் பொம்மலாட்டக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். ஸ்பெய்பில் என்ற தந்தையும் ஹுர்வீனெக் என்ற மகனும் யோசெஃப் ஸ்கூபா 1920களில் உருவாக்கிய மரப்பொம்மைகள். இவர்களின் குழு வெளிநாடு செல்லும்போது, செல்லும் நாட்டின் மொழியிலேயே வசனத்தை மனப்பாடம் செய்து பேசுவதை ஒரு மரபாகவே வைத்திருக்கிறது. மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஓட்டுவதைவிட இது பத்து மடங்கு உழைப்பு. ஆனால் குழந்தைகள் வரிகளைப் படிக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பொம்மலாட்டக் கலைஞர்களின் உலக அமைப்பான யூனிமா 1929இல் பிராகில்தான் தொடங்கப்பட்டது. செக், ஸ்லோவாக் பொம்மலாட்டம் 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இலக்கியத்தைப் பொறுத்தவரை, செக் மையங்கள் 2006இல் பிராகில் தொடங்கிய 'இலக்கிய இரவு' எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. மாலையில் தொடங்கி இரவு வரை, நகரின் எதிர்பாராத இடங்களில், நடிகர்கள் அரை மணிக்கு ஒரு முறை அதே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். மக்கள் கையில் வரைபடத்தோடு ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நடப்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது, வாசிக்கப்படுபவை பிற ஐரோப்பிய நாடுகளின் எழுத்துகள், வாசிக்கப்படும் மொழி உள்ளூர் மொழி என்பதே. இந்த வடிவம் பிற நகரங்களுக்குப் பரவியபோது செக் எழுத்தும் அந்த ஊர்களின் மொழியில், அந்த ஊர் நடிகர்களின் குரலில் ஒலித்தது. தன் வீட்டில் பிறருக்கு இடம் கொடுத்தவனுக்குப் பிறர் வீட்டில் இடம் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் அடிப்படை மொழிபெயர்ப்பாளர். சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுசென்ற செக் தமிழறிஞர் கமில் சுவலபில் போன்ற ஒருவர் எதிர்த் திசையிலும் வேண்டும். இளம் மொழிபெயர்ப்பாளர்களுக்காகச் செக் மையங்கள் ஸூஸானா ரோத் என்ற மொழிபெயர்ப்பாளரின் பெயரில் ஒரு போட்டியை நடத்துவது இதற்காகத்தான். 2026 ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் செக் நாடே கௌரவ விருந்தினர். அதற்கு அவர்கள் தேர்ந்த முழக்கம் 'கடற்கரையில் ஒரு நாடு'. நாற்புறமும் நிலம் சூழ்ந்த, இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவுக்கு ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில் கடற்கரை கொடுத்துவிட்டார். நானூறு ஆண்டுகளாகப் பண்டிதர்கள் சுட்டிக்காட்டிவரும் அந்தப் பிழையை எடுத்துத் தங்கள் வாசலிலேயே பலகையாக மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: புகழ்பெற்ற மூல ஓவியங்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவது நல்லதா? அல்போன்ஸ் முஹாவின் ஓவியங்கள் குறித்து வழக்கு நடந்ததாகப் படித்தேன்.

பதில்: செக் ஓவியர் முஹாவின் 'ஸ்லாவியக் காவியம்' ஸ்லாவிய மக்களின் வரலாற்றைச் சொல்லும் 20 பெரும் ஓவியங்களின் தொகுதி. 1910 தொடங்கி ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் வரைந்து, 1928இல் அதைப் பிராக் நகரத்துக்குக் கொடையாக அளித்தார். அதற்கென ஒரு தனிக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. நகரம் கொடையை வைத்துக்கொண்டது, கட்டடத்தைக் கட்டவில்லை. பல்லாண்டுகள் அவை மொராவ்ஸ்கி கிரும்லொவ் என்ற சிற்றூரின் அரண்மனையில் இருந்தன. தொகுதி முழுவதும் செக் மண்ணைவிட்டு வெளியே காட்டப்பட்டது முதன்முதலாக 2017இல், டோக்கியோவில். 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். மிகப் பெரிய ஓவியங்கள் ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 8 மீட்டர் அகலமும் கொண்டவை. சுருட்டித்தான் அனுப்ப முடியும். சுருட்டி விரிக்கும்போது வண்ணப் பூச்சு உதிரலாம் என்று பழுதுபார்ப்பு வல்லுநர்கள் சிலர் எச்சரித்தார்கள். ஓவியரின் பேரனும் நீதிமன்றம் சென்றார்.

என் கருத்தில் அவற்றை அனுப்பியிருக்கக் கூடாது. ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது வலுவான வாதம்தான். ஆனால் ஜப்பானியருக்கு முஹாவின்மேல் ஈடுபாடு ஏற்படுத்தியது இந்தக் கண்காட்சி அல்ல. ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த முஹா படைப்புகள் ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் ஏற்கெனவே நிரந்தரமாக இருந்தன. தவிர, முஹாவுக்குள் இரண்டு கலைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் சுவரைவிட்டு அசைக்கக் கூடாத காவியத்தை வரைந்தவர். மற்றவர் 1895 புத்தாண்டின்போது நடிகை சாரா பெர்னாட்டின் நாடகத்துக்கு வரைந்த சுவரொட்டியால் பாரிஸ் தெருக்களை நிறைத்தவர். அந்தச் சுவரொட்டிகள் அச்சிட்டு ஒட்டுவதற்கென்றே பிறந்தவை. தெருவில் அவற்றின் படியைக் காட்டுவதில் பொய் எதுவும் இல்லை.

கேள்வி: பீர், நாட்டுப்புற உடை, பித்தளை வாத்தியம்: வெளிநாட்டுச் செக் விழாக்கள் இவற்றோடு நின்றுவிடுகின்றன. இதைப் பண்பாடு என்பதா?

பதில்: என்பதுதான். பிராகிலிருந்து வரும் இளம் கலை நிர்வாகிகள் இவற்றைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்பர் என்ற சிற்றூர் 1962 முதல் ஆகஸ்ட் தொடக்கத்தில் செக் விழா நடத்துகிறது. அங்கு உடுத்தப்படும் உடையிலும் பாடப்படும் பாட்டிலும் தாய்நாட்டில் மறைந்துபோன சாயல்கள் இருக்கலாம், அங்கேயே முளைத்த புதுமைகளும் இருக்கலாம். டெக்சாஸில் கொத்திறைச்சிக் குழலை மாவில் பொதிந்து 'கொலாச்சி' என்று விற்கிறார்கள். பழமோ பாலாடையோ வைத்த இனிப்பு வட்டத்தைத்தான் செக் நாட்டினர் அந்தப் பெயரால் அறிவார்கள். மாறிப்போனது என்பதற்காக அது உயிரற்றதாகிவிடாது. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸில் உள்ள தேசியச் செக், ஸ்லோவாக் அருங்காட்சியகம் 2008 வெள்ளத்தில் மூழ்கியபோது, உள்ளூர் மக்கள் அதைக் கைவிடாமல் கட்டடத்தையே அடியோடு பெயர்த்து உயரமான இடத்துக்கு நகர்த்தி 2012இல் மீண்டும் திறந்தார்கள். எந்த அமைச்சகமும் சுற்றறிக்கை அனுப்பி இந்தப் பற்றை உண்டாக்க முடியாது. குறை ஒன்று உண்டு: இத்தகைய விழாக்களுக்கு வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே நெருங்கியவர்கள். வழிப்போக்கனை நிறுத்த வேறு ஏதாவது வேண்டும்.

கேள்வி: ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவைச் செக் பண்பாட்டின் தூதராகக் காட்டுவது நியாயமா?

பதில்: காஃப்கா பிராகில் பிறந்தவர், யூதர், ஜெர்மனில் எழுதியவர், செக் மொழி நன்கு அறிந்தவர். 2024இல் அவருடைய நினைவு நூற்றாண்டு வந்தபோது ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் நாடு ஆகிய மூன்றிலும் நிகழ்ச்சிகள் நடந்தன. யாரும் யாரையும் தடுக்கவில்லை. 'எங்கள் காஃப்கா' என்பதைவிட 'எங்கள் ஊரின் காஃப்கா' என்பது பொருத்தம்.

கேள்வி: நாங்கள் இசை, நாடகம் பயிலும் மாணவர் குழு. செக் கலை மாலை ஒன்றைப் பொது இடத்தில் நடத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாளைத் தேர்வதிலிருந்து. செக் இசைக்கு நான்கில் முடியும் ஆண்டுகள் விந்தையாகப் பொருந்திவருகின்றன: இசையமைப்பாளர்களில் ஸ்மெத்தனா பிறந்தது 1824, மறைந்தது 1884; யானாசெக் பிறந்தது 1854; டுவோர்ஷாக் மறைந்தது 1904. ஆகவே பத்தாண்டுக்கு ஒரு முறை 'செக் இசை ஆண்டு' கொண்டாடுகிறார்கள். 2024 டிசம்பரில் செக் ஃபில்ஹார்மோனிக் குழு நியூயார்க் கார்னெகி அரங்கில் மூன்று மாலைகள் வாசித்தது அதன் பகுதி. டுவோர்ஷாக் அமெரிக்காவில் இயற்றிய 'புதிய உலகிலிருந்து' சிம்ஃபனி 1893 டிசம்பரில் முதன்முதலாக ஒலித்ததும் அதே அரங்கில்தான். 2034 வரை காத்திருக்க வேண்டாம். 2028 ஆகஸ்ட் யானாசெக்கின் நினைவு நூற்றாண்டு. மே 12 இன்னும் எளிது. ஸ்மெத்தனாவின் நினைவு நாளான அன்றுதான் ஆண்டுதோறும் பிராக் வசந்த இசை விழா அவருடைய 'என் தாய்நாடு' படைப்போடு தொடங்குகிறது.

அடுத்தது உரிமை. ஸ்மெத்தனா, டுவோர்ஷாக், யானாசெக் ஆகியோரின் படைப்புகளுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. 1959இல் மறைந்த மார்ட்டினூவின் இசைக்கு, மறைவுக்குப்பின் 70 ஆண்டு விதி உள்ள நாடுகளில் 2029 இறுதி வரை அனுமதி வேண்டும். நாடகத்தில் ஒரு பொறி உண்டு: 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த கரெல் சாப்பெக் 1938இலேயே மறைந்துவிட்டார் என்றாலும், நீங்கள் நடிக்கப்போகும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும். மொழிபெயர்ப்பாளரிடமோ பதிப்பாளரிடமோ எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். திரைப்படம் என்றால், வட்டு கையில் இருப்பது பொதுத் திரையிடலுக்கு உரிமை ஆகாது.

தூதரகத்துக்கு எழுதும்போது பணத்தை முதல் வரியில் கேட்காதீர்கள். இடம் இன்னது, தேதி இன்னது, பொறுப்பாளர் இன்னார் என்று முடிவு செய்த திட்டத்தை அனுப்பி, எது குறைகிறது என்று ஒரே ஒரு பொருளைக் கேளுங்கள். அவர்களால் எளிதாகக் கொடுக்க முடிந்தது பெரும்பாலும் பலகைக் கண்காட்சியாகவோ (படமும் எழுத்தும் அச்சிட்ட பலகைகள்) படத்தின் உரிமையாகவோ ஒரு கலைஞரின் பயணச்செலவாகவோ இருக்கும். பலகைக் கண்காட்சிகளைக் கோப்பாகப் பெற்று உங்கள் ஊரிலேயே அச்சிட்டால் சரக்குக் கட்டணம் மிஞ்சும்; எழுத்தை உங்கள் மொழியிலும் போட முடியும்.

பொம்மலாட்டக் குழு வருவதாக இருந்தால், பொம்மைகளும் கருவிகளும் பெரும்பாலும் ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணத்தில் வரும். திரும்பக் கொண்டுபோகும் பொருள்களுக்குச் சுங்கவரி இல்லை என்று அனுமதிக்கும் இந்த ஆவணத்தில் ஒவ்வொரு பொருளும் எண்ணிட்டுப் பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்று திரும்பாவிட்டால் அதற்கு வரி கட்ட நேரும். ஆட்டம் முடிந்ததும் குழந்தைகள் மேடையேறிப் பொம்மைகளைத் தொட்டுப் பார்க்கவும் நூலை இழுத்துப் பார்க்கவும் கட்டாயம் விடுங்கள். பெட்டியை மூடுமுன் பட்டியலோடு ஒரு முறை எண்ணிவிடுங்கள்.